வீடு என்கிற ஃபோல்டர்

அத்தியாயம் 17

சந்தியாகு அச்சகத்தின் கணினிகளுக்கு இதுவரை ஒரே ஒரு மனிதரைத்தான் தெரியும். கிரகோரி.

யார் உட்கார்ந்தாலும் அந்தப் பெயரையும் அதற்குரிய பாஸ்வேர்டையும் தட்டித்தான் உள்ளே போவார்கள். சோம்பலால் அல்ல. ஜொகூர் பாரு தம்போயில் இந்த அச்சகம் நிற்பது முதலாளியான அவருடைய நற்பெயரால். வெளியே போகும் ஒவ்வொரு தாளும் அவர் பெயரில்தான் போக வேண்டும் என்று குடும்பம் நினைத்தது. மரியாதை என்று எண்ணிச் செய்த காரியம்.

அந்த மரியாதைதான் போன வாரம் அவரைத் தலைகுனிய வைத்தது. ரெங்கத்துத் திருச்செல்வம் வீட்டு நினைவு அட்டையில், அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய படம் அச்சாகிவிட்டது. இறந்துபோன தாயை மருத்துவமனைக் கட்டிலில் வைத்து எடுத்த படம். யாரோ கொண்டுவந்த தம்ப் டிரைவிலிருந்து பழைய படம் ஏறி, சரியான படத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஏற்றியவர் யார் என்று கணினியைக் கேட்டால், கிரகோரி என்றது. அவர் எவரையும் குற்றம் சொல்லவில்லை. தாமே ரெங்கத்துக்குப் போய், அந்த வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுத் திரும்பினார்.

மூத்த மகன் டாரில், சிங்கப்பூர்க் கணினி வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் இருப்பவன், அன்றே சொல்லிவிட்டான். இனி ஆளுக்கொரு பெயர். யார் எதைத் திறக்கலாம், யார் எதை மாற்றலாம் என்று ஒரு சட்டம்.

சட்டம் என்ற சொல் கிரகோரிக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு கறுப்புப் பெட்டி வந்து, குளிர்சாதனத்துக்குக் கீழே அமர்ந்தது. முன் அலுவலகத்துக் கணினிகள் விண்டோஸ். உள்ளே வடிவமைப்பு அறையில் இருப்பவை மேக். இரண்டுக்கும் நடுவில் லினக்ஸ் ஓடும் அந்தப் பெட்டிதான் சர்வர். அங்கே சேமித்தது இங்கே திறக்க வேண்டும், இங்கே திருத்தியது அங்கே கெடக்கூடாது. அதற்காக டாரில் அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டான். பிறகு அப்பாவைச் சட்டம் சொல்லச் சொன்னான்.

கிரகோரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடியே சொன்னார். தம்ப் டிரைவ் இனிக் கட்டடத்துக்குள் வரக்கூடாது. எது போனாலும் வந்தாலும் சர்வர் வழியாக மட்டும். வடிவமைப்பு ஃபோல்டரில் வடிவமைப்பவர்கள் மட்டுமே கை வைக்கலாம். தாம் உட்பட மற்றவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. முதலாளிக்கு ஒரு சட்டம், மற்றவருக்கு ஒரு சட்டம் என்பது சந்தியாகு மகனிடம் கிடையாது.

பிறகு, 'வீடு' என்று ஒரு ஃபோல்டர். பரம்பரைப் படங்கள், ஞானஸ்நானச் சான்றுகள், கல்லறைத் தோட்டத்துப் பத்திரம் எல்லாம் அதில். அதைத் திறக்கக் குடும்பத்துக்கு மட்டும் அனுமதி. குடும்பம் என்றால் யார் யார் என்று டாரில் கேட்டான். தம் பெயர், மனைவி கெர்ட்ரூட், கணக்குப் பார்க்கும் தங்கை ரீத்தா, டாரில், இளையவன் கில்பர்ட். தடையின்றிச் சொல்லி முடித்தார். டாரில் அப்படியே தட்டினான்.

அந்த வீட்டில் கிரகோரியிடம் எதையும் இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் இல்லை.

இன்று திங்கட்கிழமை. காலையிலிருந்தே அச்சகத்தில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மாலையில் கத்தோலிக்கக் கோயில் திருநாள் கொடியேற்றம். அதற்குள் திருநாள் மலர் அச்சாகி, மடித்துத் தைத்து, கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். கோயில் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்துகொண்டேயிருந்தது. போதாக்குறைக்குப் புதுப் பெயர்கள். ரீத்தா பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் தன் பிறந்தநாளைத் தவிர எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். வெளி வேலைகளைக் கவனிக்கும் கில்பர்ட் பழக்கதோஷத்தில் கிரகோரி என்றே தட்ட, சர்வர் அவனை வெளியே நிறுத்தியது.

வடிவமைப்பு அறையில் ஷர்மைன் மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள்.

ஷர்மைன், கில்பர்ட்டின் மனைவி. லாயாங் லாயாங் ஊரில், கத்தோலிக்கம் சாராத மெதடிஸ்ட் சபைக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ஜொகூர் பாருவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் இருந்தாள். வந்த பிறகு அச்சகத்தின் பாதி அழகு அவள் கையால் வந்தது என்று கெர்ட்ரூட் வெளியில் சொல்வார், வீட்டில் சொல்லமாட்டார்.

மலரின் கடைசிப் பக்கம் அச்சகத்தின் காணிக்கை. ஒவ்வொரு திருநாளுக்கும் அங்கே நிறுவனர் சந்தியாகுவின் படம் வரும். கோட்டும் கழுத்துப் பட்டையுமாக, கேமராவை நம்பாத பார்வையோடு. படத்தை வார இறுதியில் ரீத்தா 'வீடு' ஃபோல்டருக்கு மாற்றியிருந்தார்.

ஷர்மைன் சர்வரைத் திறந்தாள். விண்டோஸில் எல்லா ஃபோல்டரும் ஒரே மஞ்சள் நிறத்தில் இருக்கும், தட்டிப் பார்த்தால்தான் மறுப்பது தெரியும். மேக் அவ்வளவு நாசூக்கு பார்ப்பதில்லை. உள்ளே விடாத ஃபோல்டரின் மூலையில், ஒருவழிச் சாலையின் வாயில் நிற்கும் பலகைபோல, சிவப்பு வட்டத்தில் வெள்ளைக் கோடு ஒன்றை ஒட்டிவிடும்.

'வீடு' என்ற சொல்லுக்கு மேல் அந்தச் சிவப்பு ஒட்டியிருந்தது.

அவள் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். காகிதக் கட்டு ஒன்றை எடுக்க வந்த கில்பர்ட்டிடம், அந்த ஃபோல்டர் தனக்குத் திறக்கவில்லை என்றாள்.

"டாரில் இன்னும் ஏதோ செட்டிங் செஞ்சிக்கிட்டு இருக்கான் லா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

டாரில் மூன்றாவது மேசையில்தான் இருந்தான். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். என்னவென்று கேட்பது? என்னையும் உங்கள் குடும்பத்தில் சேருங்கள் என்று மருமகள் ஒருத்தி எந்த வாயால் கேட்பாள்?

அவள் கேட்கவில்லை. பக்கத்தை முடித்தாள். கீழே சந்தியாகுவின் பெயரும் ஆண்டுகளும். மேலே பொன்னிறக் கோட்டுச் சட்டம். சட்டத்துக்குள் வெறும் வெள்ளை. அப்படியே அச்சுத் தகடு எடுக்கப் பிளேட்டுக்கு அனுப்பினாள். முதல் தாள் மாமாவின் கைக்குப் போகாமல் அந்த இயந்திரம் ஓடியதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இயந்திரம் ஓட்டும் வீரமுத்து அந்தத் தாளை மை காயும் முன்பே கொண்டுவந்தார். "பாஸ், கடைசிப் பக்கத்த மட்டும் ஒரு தடவ பாத்துக்குங்க" என்றார். அதற்கு மேல் நிற்காமல் போய் இயந்திரத்தை நிறுத்தினார்.

அச்சகம் அமைதியானது. அந்த அமைதியே எல்லாரையும் எழுப்பிக்கொண்டு வந்தது.

கிரகோரி தாளோடு வடிவமைப்பு அறைக்குள் போனார்.

"அப்பா படம் எங்கம்மா?"

"'வீடு' ஃபோல்டர்ல இருக்கு மாமா."

"எடுத்துப் போட வேண்டியதுதானே."

"வேலை செய்றவங்களுக்கு அது திறக்காது மாமா."

குரலில் குத்தல் இல்லை. கண்ணீரும் இல்லை. திரையைச் சற்றுத் திருப்பிக் காட்டினாள். கிரகோரி குனிந்து பார்த்தார். அவருடைய கணினியில் அந்தச் சிவப்பு இல்லை. இப்படி ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

திரும்பி டாரிலைப் பார்த்தார். டாரில் தற்காத்துக்கொள்ளும் குரலில், அப்பா சொன்ன ஐந்து பெயர்களைத்தான் போட்டதாகச் சொன்னான். ஏன் கேட்கவில்லை என்றார்.

"உங்ககிட்ட ரெண்டாவது தடவ யாரு பா கேட்டிருக்கா? வேணும்னுதான் விட்டீங்கன்னு நெனச்சேன்."

வேணும்னுதான். அந்தச் சொல் அறையில் நின்றது. தாம் அப்படிப்பட்டவர் என்று தம் மகனே நம்பியிருக்கிறான். கிரகோரியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். வேறெதற்காகச் செய்தோம் என்பது தெரியவில்லை. 

மடிப்பு மேசையிலிருந்து வந்த கெர்ட்ரூட் வாசலில் நின்றார். கையில் தாளை அழுத்தி மடிக்கும் கட்டை.

"அந்த அஞ்சு பேரையும் இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் சொன்னார். கிரகோரி, கெர்ட்ரூட், ரீத்தா, டாரில், கில்பர்ட்.

"அது நம்ம ஜெபமாலை வரிசைங்க."

தினமும் சாயங்காலம் வீட்டுப் பீடத்துக்கு முன்னால், ஜெபமாலையின் ஐந்து பகுதிகளில் ஆளுக்கொரு தேவரகசியம். முதலாவதை அவர் சொல்வார், அடுத்ததை மனைவி, அப்படியே கில்பர்ட் வரை. ஐந்து தேவரகசியம், ஐந்து பேர். ஷர்மைன் தன் சபை வழக்கப்படி ஜெபமாலை சொல்வதில்லை. அந்த நேரத்தில் அவள் சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைப்பாள். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளும் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. இரண்டு பக்கமும் மரியாதையாக நடந்துகொண்டதில், அவள் அந்த வரிசைக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"முழங்கால் போடுறவங்கள எண்ணிட்டீங்க" என்றார் கெர்ட்ரூட். "சோறு போடுறவள விட்டுட்டீங்க."

தொலைபேசி அடித்தது. கோயில் அலுவலகம். ரீத்தா எடுத்து, வந்துகொண்டே இருக்கிறது என்று பொய் சொன்னார்.

கிரகோரி டாரிலிடம், உடனே அவள் பெயரைக் குடும்பத்தில் சேர் என்றார். டாரில் நாற்காலியை இழுத்தான்.

"வேண்டாம் மாமா" என்றாள் ஷர்மைன். "இப்ப படம் வேணும்னு சேக்குறீங்க. படத்த நீங்களே எடுத்துக் கொடுங்க. நான் போடுறேன்."

கிரகோரி கையிலிருந்த தாளை அவள் மேசையில் வைத்தார். தம் அறைக்குப் போனார். 'வீடு' திறந்தது. தந்தையின் படத்தை எடுத்து, வடிவமைப்பு ஃபோல்டருக்குள், ஷர்மைன் உண்டாக்கிய திருநாள் மலர் ஃபோல்டரில் வைக்கப் போனார். சர்வர் மறுத்தது. மறுபடி முயன்றார். இந்த ஃபோல்டரில் மாற்றம் செய்ய ஷர்மைனின் அனுமதி வேண்டும் என்று திரை சொன்னது.

தாம் விதித்த சட்டம். வடிவமைப்பவர் அல்லாதவர் பார்க்கலாம், தொடக்கூடாது.

பின்னால் வந்து நின்ற டாரில், தான் உள்ளே புகுந்து ஒரு நொடியில் மாற்றிவிடுவதாகச் சொன்னான். தன்னிடம் எல்லாச் சாவியும் உண்டு என்றான். கிரகோரி கையை உயர்த்தி நிறுத்தினார். வெள்ளிக்கிழமை வைத்த சட்டத்தைத் திங்கட்கிழமை பின்கதவு வழியாக உடைப்பதா? ஊருக்குச் சட்டம் பேசுகிற வீட்டில் அப்படி நடந்தால் அப்புறம் எவன் மதிப்பான்?

வழி ஒன்றுதான் இருந்தது. அந்த வழியில் அவர் இதுவரை நடந்ததில்லை.

அலுவலகத்தைக் கடந்து வடிவமைப்பு அறைக்குத் திரும்பி நடந்தார். மடிப்பு மேசைப் பெண்கள் தலை நிமிரவில்லை. நிமிராமலேயே பார்த்தார்கள். ஷர்மைனின் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை.

"உன் ஃபோல்டர்ல அப்பா படத்த வைக்கணும். உன் அனுமதி இல்லாம முடியாதாம்." சற்று நிறுத்தினார். "குடுப்பியாம்மா?"

ஷர்மைன் சட்டென்று எழுந்துவிட்டாள். மாமா நிற்கையில் தான் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்ததுபோல். டாரிலைக் கூப்பிட்டு, மலர் ஃபோல்டரில் மாமாவின் பெயரையும் எழுதுபவர்களோடு சேர்க்கச் சொன்னாள். தன் அனுமதியின்பேரில்தான் சேர்க்கிறது என்றும் சொன்னாள்.

சிறிது நேரத்தில் சந்தியாகுவின் படம் அவள் திரைக்கு வந்தது. அவள் அதைச் சட்டத்துக்குள் வைத்தாள். இடது தோள் சற்று வெட்டுப்படுவதைப் பார்த்து, சட்டத்தை அகலமாக்கினாள். அந்தக் கவனம் கிரகோரியின் கண்ணில் பட்டது. கோபத்தில் இருப்பவள் தோளைப் பற்றிக் கவலைப்படமாட்டாள் என்று நினைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்.

அந்த நிம்மதியில்தான் டாரில் வாயை விட்டான். அப்பாவைச் சமாதானப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, தான் ஒருவன் மட்டும் செய்த தப்பு இல்லை என்றான்.

"கில்பர்ட்டும் அன்னிக்கே லிஸ்ட்ட பாத்தான் பா. சரியா இருக்குன்னு சொன்னான்."

ஷர்மைனின் கை மவுஸில் நின்றது. பிறகு வேலையைத் தொடர்ந்தது. புதுப் பிளேட் போனது. இயந்திரம் ஓடியது. கிரகோரி புதிதாக வந்த முதல் தாளில் கையெழுத்திட்டார். அவள் எழுந்து மடிப்பு மேசைக்கு வந்து, அத்தைக்குப் பக்கத்தில் நின்று கடைசிக் கட்டுவரை மடித்துக் கொடுத்தாள். 

வெயில் தாழ்ந்து, மலர்க் கட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் கைப்பையோடு வெளியே வந்தாள். கில்பர்ட்டுக்கு முன்னால் நின்றாள்.

"பாத்தப்ப என் பேர் இல்லன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சனி ஞாயிறு ரெண்டு நாளும் என் பக்கத்துலதானே படுத்திருந்தீங்க."

அவன் வேனுக்குள் பார்த்தான். அங்கே அவனுக்குப் பதில் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

அவள் கிரகோரியிடம் வந்தாள். அம்மா வீட்டுக்குப் போவதாகவும், மாமா மேல் கோபம் இல்லை என்றும் சொன்னாள். "மாமா மறந்துட்டீங்க. மறக்கிறது மனுஷன் செய்றதுதான். இவங்க மறக்கல" என்றாள். அவளுடைய சிறிய கார் பணிமனைகளுக்கு நடுவே ஊர்ந்து, வடக்கே லாயாங் லாயாங் போகும் சாலைப்பக்கம் திரும்பி மறைந்தது.

கிரகோரி இளையவனை அச்சகத்துக்குள் அழைத்துப் போனார். காகிதக் கிடங்கின் கதவைச் சாத்தினார். ஏன் என்று ஒரே சொல்லில் கேட்டார்.

கில்பர்ட் காகிதக் கட்டுகளின் ஒட்டுத்தாளைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிறகு கொட்டினான். பல மாதமாகவே தனிக்குடித்தனம் போகும் எண்ணம். அச்சகத்தையும் விட்டுப் போகும் எண்ணம். சிங்கப்பூரில் ஒரு வேலை பார்த்துவைத்திருக்கிறான். அதைச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை. பட்டியலில் அவள் பெயர் இல்லாததைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு வழி தெரிந்தது.

"மனசு விட்டுப்போயி, தனியா போலாம்னு அவளே சொல்லுவான்னு இருந்தேன் பா. நான் சொன்னா உங்க மூஞ்சியில முழிக்க முடியாது."

"அவ சொன்னா?"

கில்பர்ட்டின் கையோடு ஒட்டுத்தாள் கிழிந்து வந்தது.

"அவ சொன்னா, பிரிச்சுட்டுப் போனவன்னு ஊரு அவளப் பேசும். நீ நல்ல பிள்ளையா அவ பின்னால போவே."

அவர் கை ஓங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. தனியே போகிறேன் என்று மகன் நிமிர்ந்து நின்று சொல்லியிருந்தால் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார். அது மானமுள்ள சண்டை. பெண்டாட்டியின் வேதனைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இந்தக் குடும்பத்தில் யாரும் இதற்கு முன் கற்றதில்லை.

வெளியே வந்தார். வேன் புறப்படத் தயாராக நின்றது. கொடியேறும் முன் முதல் மலரைப் பங்குச் சாமியாரின் கையில் கொடுப்பவர் கிரகோரி. அவருக்கு முன் அவர் தந்தை. வேட்டியும் வெள்ளைச் சட்டையும் தேய்த்துத் தயாராக அறையில் தொங்கின. கெர்ட்ரூட் நேரமாகிவிட்டதென்று அவற்றை எடுக்கப் போனார்.

"டாரில் குடுக்கட்டும்" என்றார் கிரகோரி. "என் இடத்துல நில்லுடா. சாமியார் கேட்டா வேல இருக்குன்னு சொல்லு."

"நீங்க எங்க போறீங்க?"

அவர் காரின் சாவிக்காகக் கை நீட்டினார். கெர்ட்ரூட்டுக்குப் புரிந்துவிட்டது. அழைப்பில்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறுவதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கல்யாணத்துக்குப் பின் கிரகோரி அங்கே போனதே இல்லை. பெண் கொடுத்தவர்கள்தான் வர வேண்டும் என்பது அவர் பிடித்துவைத்திருந்த முறை. அதுவும் இன்று, மை படிந்த இந்தச் சட்டையோடு.

"தெரியும்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார்.

காரில் ஏறி இயந்திரத்தைக் கிளப்பினார். கில்பர்ட் கிடங்கிலிருந்து வந்து, காரின் பக்கத்தில் நின்றான். கண் சிவந்திருந்தது. பின்கதவின் கைப்பிடியில் கை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"அப்பா, நானும் ஏறட்டுமா?"

கிரகோரி முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதையும் ஒருத்தர் உனக்காகச் சொல்லணுமா?"

கார் மெல்ல நகரத் தொடங்கியது.